பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய வீல் மாட்டப் போகிறீர்களா? டயரில் தொடங்குங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய கையோடு பலரும் செய்யும் முதல் வேலை வீல் தேடுவதுதான். தொழிற்சாலையில் மாட்டி வந்த ஒல்லியான 14 அங்குல இரும்பு வீலைப் பார்த்ததும், இன்னும் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் அகலமாகப் போட்டால் வண்டி எப்படி இருக்கும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். தப்பில்லை. ஆனால் படத்தைப் பார்த்து வீலை வாங்கிவிட்டு, அதற்கு டயர் தேடி, அதற்கேற்ப மட்கார்டை மடித்து, கடைசியில் ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்ப முடியாமல் நிற்பவர்கள் நிறைய.

என்னுடையது டட்சன் 240இசட், எழுபதுகளின் தொடக்கத்து ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார். அதற்குச் சரியான வீலும் டயரும் அமைவதற்குள், பட்டறைக்குப் பட்டறை ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்ததைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கடைசியில் எல்லாவற்றையும் நானே அளந்து எழுதி வைத்துக்கொண்டேன். அந்தக் குறிப்புகளைத்தான் வரிசைப்படுத்தித் தருகிறேன். உங்கள் வண்டி வேறாக இருந்தாலும் வரிசை மாறாது; எண்கள்தான் மாறும்.

1. முதலில் டயர், அப்புறம் வீல்

எல்லோரும் தலைகீழாகச் செய்வது இதைத்தான். வீலின் விட்டத்தை முடிவு செய்யும் முன், அந்த விட்டத்தில் நல்ல டயர் இன்றைக்குப் புதிதாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். 13, 14 அங்குலத்தில் சாதாரணக் குடும்பக் கார்களுக்கான டயர் கிடைக்கும். நல்ல பிடிப்பும் அதிக வேகத் தகுதியும் உள்ள டயர் குறைவு. 15 அங்குலத்தில் நிலைமை தேவலை, ஆனால் பக்கச்சுவர் உயரமான அளவுகள் அங்கேயும் குறைந்துகொண்டே வருகின்றன. 16க்குப் போனால் தேர்வு சட்டென்று விரியும்.

நீங்கள் நினைக்கும் அளவில் குறைந்தது இரண்டு தயாரிப்பாளர்களாவது டயர் போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட விதி. ஒரே ஒரு நிறுவனம் மட்டும் தயாரிக்கும் அளவை நம்பி வீல் வாங்கினால், அவர்கள் நிறுத்திய அன்றைக்கு வீலும் அலங்காரப் பொருளாகிவிடும். அந்த டயர்களின் பெயரையும் முழு அளவையும் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் வீல் பட்டியலைத் திறக்க வேண்டும்.

2. மொத்த உயரத்தைக் கணக்குப் போடுங்கள்

வீல் பெரிதாகும்போது டயரின் பக்கச்சுவர் அதே அளவுக்குக் குறைய வேண்டும். மொத்த விட்டம் ஏறக்குறைய பழையபடியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், கியர் விகிதம் மாறும், டயர் எங்காவது உரசும்.

கணக்கு எளிது. 195/70 ஆர் 14 என்றால் அகலம் 195 மி.மீ.; பக்கச்சுவர் அதில் 70 சதவீதம், அதாவது 136.5 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 273. வீல் 14 அங்குலம், 355.6 மி.மீ. மொத்தம் 628.6 மி.மீ. 240இசட்டுக்குப் பின்னால் வந்த 280இசட்டில் தொழிற்சாலையில் மாட்டிய அளவு இதுதான். இதற்கு மாற்று தேடினால்:

205/60 ஆர் 15: 627 மி.மீ. கிட்டத்தட்ட அச்சு அசலாக அதே உயரம்.
205/55 ஆர் 16: 632 மி.மீ. அரை சதவீதம் கூடுதல். கவலையில்லை.
225/45 ஆர் 17: 634 மி.மீ. கணக்கில் சரி; மற்ற சிக்கல்கள் பின்னால் வரும்.
225/50 ஆர் 15: 606 மி.மீ. 3.6 சதவீதம் குறைவு. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 96 சொச்சத்தில்தான் போகும். நெடுஞ்சாலையில் எஞ்சின் கூடுதலாகக் கத்தும்.

கூடினாலும் குறைந்தாலும் 3 சதவீதத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. அதிலும் உயரம் கூடுவதைவிடக் குறைவது பரவாயில்லை. ஏனென்றால் உயரமான டயர் போட்டால் முள் காட்டுவதைவிட வண்டி வேகமாகப் போகும். அபராதம் கட்டுவது நீங்கள்தான், முள் அல்ல.

இங்கே ஒரு பொறி உண்டு. பழைய டயர்களில் 165 ஆர் 14, 175 எச்ஆர் 14 என்று மட்டும் எழுதியிருக்கும், சதவீதம் இருக்காது. அப்படியிருந்தால் பக்கச்சுவர் 80 முதல் 82 சதவீதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருபவர்கள் அதை 70 என்று நினைத்துக் கணக்குப் போட்டுக் குட்டையான டயரை வாங்கிவிடுகிறார்கள். 240இசட்டின் 175 எச்ஆர் 14 டயர் 82 சதவீதக் கணக்கில் 642.6 மி.மீ. வரும். அதன் ஸ்பீடோமீட்டர் பார்த்தது அந்த டயரைத்தான். 205/60 ஆர் 15 போட்டால் அதில் 2.4 சதவீதம் குறைகிறது. நான் அதோடு நிம்மதியாக ஓட்டுகிறேன். இன்னொன்று: உங்கள் வண்டியில் இப்போது இருக்கும் டயரை அளவுகோலாக எடுக்காதீர்கள். முந்தைய உரிமையாளர் என்னத்தை மாட்டினாரோ! வண்டியின் கையேட்டிலோ கதவு ஓரத் தகட்டிலோ இருக்கும் அளவைப் பாருங்கள்.

3. வளைந்து கொடுக்காத நான்கு அளவுகள்

பி.சி.டி. வீல் உட்காரும் சுழலும் மையம்தான் ஹப்; அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நட் ஏறும் ஆணிகள்தான் ஸ்டட்கள். அவை அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம் இது. 240இசட்டுக்கு 4 × 114.3, எம்ஜிபிக்கும் அதேதான். பிஎம்டபிள்யூ 2002க்கும் முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5க்கும் 4 × 100. ஃபியட் 124 ஸ்பைடருக்கு 4 × 98. டிரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கு 4 × 95.25. போர்ஷே 911க்கு 5 × 130. பழைய கார்வெட்டுக்கு 5 × 120.65.

98க்கும் 100க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 120க்கும் 120.65க்கும் உள்ளதையும் பாருங்கள். வீலை ஹப்பில் வைத்தால் உட்கார்ந்தது போலவே இருக்கும், நட்டும் ஏறும். ஆனால் ஒவ்வொரு நட்டும் ஸ்டட்டைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். நட் தளர்ந்துபோகும், ஸ்டட் முறியும். ‘கிட்டத்தட்ட சரி’ என்பதற்கு இங்கே இடமே இல்லை.

நீங்களே அளக்கலாம். நான்கு ஸ்டட் என்றால் பக்கத்துப் பக்கத்து ஸ்டட்களின் மையத்துக்கு மையம் வெர்னியரில் (மில்லிமீட்டரின் பின்னம் வரை அளக்கும் கருவி) அளந்து 1.414ஆல் பெருக்குங்கள். 80.8 வந்தால் 114.3. 70.7 வந்தால் 100, 69.3 வந்தால் 98. ஐந்து ஸ்டட் என்றால் 1.701ஆல் பெருக்க வேண்டும். மையத்தைக் கண்ணால் பிடிப்பது சிரமம். ஒரு ஸ்டட்டின் இடது விளிம்பிலிருந்து அடுத்த ஸ்டட்டின் இடது விளிம்பு வரை அளந்தால் அதே தூரம்தான்.

நடுத்துளை. ஹப்பின் நடுமூக்கைவிட வீலின் துளை சிறிதாக இருந்தால் வீல் ஏறாது. பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப ஹப் வளையம் போட வேண்டும். வளையம் சரியான அளவில் கிடைக்காவிட்டால் லேத்தில் அலுமினியத்தில் கடைந்து வாங்கலாம். வளையம் இல்லாமல் போனால் 80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம். அப்படி நடுங்கினால் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது.

ஸ்டட்டின் மரை. ஜப்பானியப் பழைய வண்டிகளில் எம்12 × 1.25 (12 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1.25 மி.மீ.), எம்12 × 1.5 இரண்டும் உண்டு. டட்சனுக்கு 1.25. பிரிட்டிஷ், அமெரிக்க வண்டிகளில் அங்குல மரை. தப்பான நட் இரண்டு சுற்று இலகுவாகப் போய் மூன்றாவதில் இறுகும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஸ்பானரால் இழுத்தால் ஸ்டட் காலி.

நட் உட்காரும் இடம். 60 பாகைக் கூம்பு, உருண்டை, தட்டை வாஷர் என்று வகைகள் உண்டு. இரும்பு வீலின் பழைய நட் புது அலாய் வீலுக்குப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். கூம்பு நட்டை உருண்டைப் பள்ளத்தில் இறுக்கினால் மெல்லிய ஒரு கோட்டில்தான் தொடும். வீல் வாங்கும்போதே அதற்கான நட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

சைக்கிள் சக்கரம் போலக் கம்பிகள் வைத்த வயர் வீல் போட்ட வண்டி என்றால் கதையே வேறு. ஸ்டட் கிடையாது, பல்வரிசை வைத்த ஹப்பில் நடுவில் ஒரே பெரிய நட். அதில் அலாய் மாட்ட ஹப்பையே மாற்ற வேண்டும், அல்லது அதே பல்வரிசைக்கென்று செய்த வீல் வாங்க வேண்டும். சில வண்டிகளில் இரண்டு வகைக்கும் பின் ஆக்ஸில் அகலமே வேறு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இறங்காதீர்கள்.

4. ஆஃப்செட்: காசு கரையும் இடம்

பொறுமையாகப் படியுங்கள். வாங்கியதைத் திருப்பி அனுப்ப வேண்டி வருவதில் பெரும்பாலானது இந்த ஒரு எண்ணால்தான்.

வீலின் அகலத்துக்கு நட்டநடுவில் ஒரு கோடு போடுங்கள். ஹப்போடு ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு வெளியே, அதாவது சாலைப் பக்கம் இருக்கிறதோ அது நேர் ஆஃப்செட். உள்ளே இருந்தால் எதிர். சரியாகக் கோட்டில் இருந்தால் பூஜ்யம். வீலின் பின்பக்கம் ‘ஈ.டி’ என்ற எழுத்துகளோடு இந்த எண் வார்க்கப்பட்டிருக்கும்.

உள்பக்கம் வீல் எவ்வளவு நீளும் என்பதற்கு: பாதி அகலம் + ஆஃப்செட். வெளிப்பக்கத்துக்கு: பாதி அகலம் − ஆஃப்செட். ஒரு பேச்சுக்கு, உங்கள் பழைய வீல் 5.5 அங்குல அகலம், ஆஃப்செட் 20 என்று வைத்துக்கொள்வோம். பாதி அகலம் 70 மி.மீ. உள்ளே 90, வெளியே 50. இப்போது 7 அங்குல வீல் பார்க்கிறீர்கள். பாதி அகலம் 89.

ஆஃப்செட் 20 என்றால் உள்ளே 109, வெளியே 69. இரண்டு பக்கமும் 19 மி.மீ. கூடுகிறது.
ஆஃப்செட் 10 என்றால் உள்ளே 99, வெளியே 79. உள்ளே 9 கூடுதல், வெளியே 29 கூடுதல்.
ஆஃப்செட் 35 என்றால் உள்ளே 124, வெளியே 54. வெளியே ஒன்றுமே மாறாதது போல் தெரியும். உள்ளே 34 மி.மீ. போய் ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்) இடிக்கும்.

கடைசி வரியை இன்னொரு முறை பாருங்கள். முன்வீல் இழுக்கும் இன்றைய கார்களில் ஆஃப்செட் 35, 40, 45 என்று இருப்பது சாதாரணம். பி.சி.டி. 4 × 114.3, 15 அங்குலம், விலையும் மலிவு என்று அப்படியொரு வீல் கண்ணில் படும். பழைய பின்வீல் இயக்க ஸ்போர்ட்ஸ் காருக்கு அது பெரும்பாலும் ஆகாது. 240இசட்காரர்கள் 7 அங்குல வீலுக்கு ஆஃப்செட் பூஜ்யத்தை ஒட்டியே தேடுவதற்குக் காரணம் இதுதான். என்னிடம் ஒரு விற்பனையாளர் ‘பி.சி.டி. ஒன்றுதானே சார், கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம்’ என்றார். கண்ணைத் திறந்து டேப்பை வைத்தபோது ஸ்ட்ரட் குழாய்க்கும் ரிம்முக்கும் நடுவில் காகிதம் நுழைய இடமில்லை.

ஸ்பேசர் போட்டுச் சமாளிக்கலாமே என்பீர்கள். வெறும் தகடாக இருக்கும் மெல்லிய ஸ்பேசர், நட் பிடிக்கும் மரையைத் தின்றுவிடும். நட் குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரையில் ஏற வேண்டும். எம்12 × 1.25க்குக் கிட்டத்தட்ட 10 சுற்று, 1.5க்கு 8 சுற்று. எண்ணிப் பாருங்கள், குறைந்தால் நீளமான ஸ்டட் மாற்றாமல் ஓட்டக்கூடாது. ஹப்பில் தனியாக முடுக்கப்படும் தடித்த ஸ்பேசர் பாதுகாப்பானது. ஆனால் சரியான ஆஃப்செட்டில் வீல் கிடைக்கும்போது அது எதற்கு?

இன்னொன்று. வீல் ஓரத்தின் உதட்டுத் தடிமனைச் சேர்க்காமல்தான் அகலம் சொல்வார்கள். 7 அங்குல வீலை ஓரம் முதல் ஓரம் வரை டேப்பில் அளந்தால் ஏறக்குறைய 8 வரும். டேப்பில் வந்த எண்ணை அப்படியே விளம்பரத்தில் போடும் பழைய வீல் வியாபாரிகளும் உண்டு.

5. மட்கார்டுக்குள் தலையை விட்டு அளங்கள்

வண்டி தரையில் நிற்கும்போது தெரியும் இடைவெளி உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. சஸ்பென்ஷன் முழுசாக அமுங்கும்போதும் ஸ்டியரிங் இரு பக்கமும் கடைசிவரை திரும்பும்போதும் என்ன இடம் மிஞ்சுகிறது என்பதுதான் விஷயம். அளக்க நல்ல வழி, ஒரு மூலையின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஹப்பை ஜாக்கால் பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷனின் மேல் எல்லையில் இருக்கும் ரப்பர் தடுப்பு) தொடும் வரை ஏற்றுவது. ஸ்பிரிங் கழற்றுவது ஆபத்தான வேலை. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமலோ அனுபவமில்லாமலோ தொடாதீர்கள். மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு டேப்போடு பக்கத்தில் நில்லுங்கள்.

அது முடியாவிட்டால் இருக்கவே இருக்கிறது களிமண். குழந்தைகள் விளையாடும் மாவுக் களிமண்ணை மட்கார்டின் உள்விளிம்பிலும், ஸ்ட்ரட்டிலும், முன்பக்கக் கீழ்த்தகட்டின் மூலையிலும் உருட்டி ஒட்டிவிட்டு, இப்போதைய டயரோடு மெதுவாக ஒரு சுற்று, ஒரு வேகத்தடை, இரண்டு முழு வளைவு ஓட்டுங்கள். எங்கே நசுங்குகிறது, எவ்வளவு தடிமன் மிஞ்சுகிறது என்று பாருங்கள். மிஞ்சிய தடிமனிலிருந்து நீங்கள் கூட்டப்போகும் மி.மீட்டரைக் கழித்தால் விடை கையில்.

240இசட்டில் டயர் இடிக்கும் இடங்கள் மூன்று: உள்ளே ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், வெளியே மட்கார்டின் மடிப்பு, முன்னால் ஸ்டியரிங் திரும்பும்போது கீழ்த்தகட்டின் மூலை. அந்தக் கிண்ணம் டயரை ஒட்டியே நிற்பதால் டயர் அகலமானாலும் உயரமானாலும் அதைத் தொடக்கூடும். உங்கள் வண்டிக்கும் இப்படி மூன்று இடங்கள் இருக்கும், கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு மூலைகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பழைய வண்டிகளின் உடல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். தொழிற்சாலையிலேயே சில மி.மீ. வித்தியாசம் இருக்கும், நாற்பது ஐம்பது வருஷத்தில் எங்கோ இடித்து டிங்கரிங் செய்திருந்தால் இன்னும் கூடும். குறைவான இடம் உள்ள பக்கம்தான் உங்கள் அளவு.

எம்ஜிபி போல லீஃப் ஸ்பிரிங்கில் (அடுக்கடுக்கான எஃகுப் பட்டைகள்) தொங்கும் ஆக்ஸில் என்றால் கூடுதல் எச்சரிக்கை: வளைவில் முழு ஆக்ஸிலும் பக்கவாட்டில் நகரும். அதற்கும் இடம் விடுங்கள். வண்டியைத் தாழ்த்தும் எண்ணம் இருந்தால் முதலில் தாழ்த்துங்கள், அப்புறம் அளங்கள்.

6. பிரேக்கும் சின்னத் திருகுகளும்

வீல் பெரிதானால் பிரேக்குக்கு இடம் தானாகக் கிடைக்கும் என்பது பாதி உண்மை. விட்டத்தில் கிடைக்கும். ஆரக்கால்களின் பின்பக்கம், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் முகத்தில் இடிக்கலாம். இது வீலின் வடிவத்தைப் பொறுத்தது, எண்களில் தெரியாது. காலிப்பரின் குறுக்குவெட்டை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு வீலின் பின்னால் சுற்றிப் பாருங்கள். டிரம்மிலோ டிஸ்க்கிலோ சின்னத் திருகின் தலை துருத்திக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய இரும்பு வீலில் அதற்கென்று பள்ளம் இருக்கும்; அலாய் வீலில் இல்லாமல் போகலாம். ஒரு திருகின் தலை போதும், வீல் சாய்ந்து உட்கார.

7. எவ்வளவு பெரிது போதும்?

என் கருத்து: ஒரு அங்குலம். 14ல் வந்த வண்டிக்கு 15, அதிகம் போனால் 16. 17 மாட்டினால் டயர் தேர்வு தாராளம்தான், ஆனால் பக்கச்சுவர் மெலிந்து, சாலையின் ஒவ்வொரு குழியும் நேராக உடலுக்கும் சஸ்பென்ஷன் மூட்டுகளிலுள்ள பழைய ரப்பர் புஷ்களுக்கும் போகும். உயரமான பக்கச்சுவரை நம்பி வடிவமைத்த சஸ்பென்ஷன் அது.

அகலத்திலும் அப்படித்தான். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் 175ஐ 225 ஆக்கினால், நிறுத்துமிடத்தில் தோள்பட்டை பேசும். ஆஃப்செட் வெளியே தள்ளத் தள்ள, பள்ளம் மேட்டில் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும்; வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். 240இசட்டுக்கு 195, 205 இரண்டுமே பொருத்தம். கார் பந்தயத்துக்குப் போகிறவர்கள் வேறு ஜாதி. அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

வாங்கும் முன் எடையைக் கேளுங்கள். பழைய வீலையும் டயரையும் சேர்த்துத் தராசில் எடை போடுங்கள், புதியதன் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். விலை குறைந்த பெரிய அலாய், பழைய இரும்பு வீலைவிடக் கனமாக இருப்பது அதிசயமே இல்லை. ஸ்பிரிங்குக்குக் கீழே கூடும் ஒவ்வொரு கிலோவையும் ஓட்டும்போது உணர்வீர்கள்.

டயரின் அகலம் ரிம்முக்குப் பொருந்துகிறதா என்பதையும் தயாரிப்பாளரின் அட்டவணையில் பாருங்கள். 205/60 ஆர் 15க்கு 5.5 முதல் 7.5 அங்குலம் வரை ரிம் ஆகும். 225/45 ஆர் 17க்குக் குறைந்தது 7 வேண்டும். ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரின் வயிறு ஏறக்குறைய 5 மி.மீ. விரியும். அளவெடுத்து வைத்த இடைவெளியில் அதையும் கழியுங்கள்.

8. டயரின் பக்கவாட்டைப் படியுங்கள்

அளவுக்குப் பின்னால் வரும் எண் சுமைக்கானது: 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ, 88 என்றால் 560, 91 என்றால் 615. எழுத்து வேகத்துக்கானது: எஸ் 180 கி.மீ., டி 190, எச் 210, வி 240. கையேட்டில் சொன்னதற்குக் குறையாமல் வாங்குங்கள். எக்ஸ்.எல். (கூடுதல் சுமைக்கான டயர்) என்று போட்டிருந்தால், அதே சுமைக்குச் சாதாரண டயரைவிடக் கொஞ்சம் கூடுதல் காற்றழுத்தம் தேவைப்படும்.

தயாரித்த தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அதிகம் விற்காத அளவுகள் கிடங்கில் வருஷக்கணக்கில் கிடக்கும். ஆர்டர் போடும்போதே தேதியைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வந்ததும் நான்கையும் சரிபாருங்கள்.

9. காகிதங்கள்

வீல் மாற்றுவதைப் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும், சில இடங்களில் ஆய்வுக்குக் காட்ட வேண்டும். ஆனால் டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்தக்கூடாது என்பது பல இடங்களில் உண்டு. காசு கொடுக்கும் முன் உங்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்தின் விதியைப் பாருங்கள். மாட்டிய பிறகு கேட்டால் பதில் பிடிக்காமல் போகலாம்.

சேர்த்து வைக்க வேண்டியவை:

வீலின் சுமைத் தகுதி பற்றிய தயாரிப்பாளரின் தாள். ஒரு வீலின் தகுதி, அதிக எடையுள்ள ஆக்ஸிலின் சுமையில் பாதிக்குக் குறையக்கூடாது.
வீலின் பின்பக்க முத்திரைகளின் புகைப்படம். ஜப்பானிய வீல்களில் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ.; ஜெர்மானிய அனுமதி பெற்றவற்றில் கே.பி.ஏ. எண். மாட்டும் முன் எடுத்துவிடுங்கள், அப்புறம் வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை.
அளவு முழுதாக எழுதிய டயர் ரசீது. ‘டயர் 4’ என்று மட்டும் எழுதினால் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள்.
காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவித்த கடிதமும் அவர்கள் ஒப்புக்கொண்ட பதிலும். தொலைபேசியில் சொன்னேன் என்பது விபத்துக்குப் பிறகு எடுபடாது.

பழைய வீல் வாங்குகிறீர்களா? காகிதம் எதுவும் இருக்காது. அப்போது கண்தான் காகிதம். பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள், வெல்டிங்கை மறைக்க அதைவிட நல்ல வழி கிடையாது. நட் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றனவா, உள்விளிம்பு வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பேலன்சிங் இயந்திரத்தில் டயர் இல்லாமல் சுற்றவிட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். பழைய மக்னீசியம் வீல் என்றால் விரிசல் சோதனை செய்யாமல் ஓட்டவே வேண்டாம்.

10. செலவு: வீல் விலை வெறும் ஆரம்பம்

வீல் விலையை மட்டும் வைத்துத் திட்டம் போட்டால் நடுவழியில் நிற்பீர்கள். இவற்றையும் எழுதுங்கள்: நான்கு டயர், நட் முழுத் தொகுதி, ஹப் வளையம், காற்று வால்வு, மாட்டுக்கூலி, பேலன்சிங், அலைன்மென்ட், அனுப்பும் செலவு. வீல் வேறு நாட்டிலிருந்து வந்தால் சுங்கவரி; கனமான பொருள் என்பதால் கப்பல் கூலியும் கடிக்கும். மட்கார்டு மடிப்பை உருட்ட வேண்டியிருந்தால் அந்த வேலையும், அதில் பெயின்ட் வெடித்தால் பெயின்ட் வேலையும் சேரும்.

ஸ்டெப்னியை எல்லோரும் மறக்கிறார்கள். மொத்த உயரம் ஒன்றாக இருந்தால் பழைய வீலையே ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குப் பழைய நட் வேண்டும். ஒரு வீலுக்கான பழைய நட்களைத் துணிப்பையில் போட்டு ஸ்டெப்னியோடு கட்டி வையுங்கள். புது வீலின் நட் துளை குறுகலாக இருந்தால் வண்டியோடு வந்த வீல் ஸ்பானர் உள்ளே நுழையாது. மெல்லிய சாக்கெட் ஒன்றும் வேண்டும்.

பணம் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்றால், வீலில் பிடிக்கலாம். டயரில் கூடாது.

11. எந்த வரிசையில், எப்போது

பட்டியலிலுள்ள வீல் என்றால் சீக்கிரம் வரும். அகலமும் ஆஃப்செட்டும் சொல்லிச் செய்யச் சொன்னால் மாதக்கணக்கில் ஆகலாம். செய்து வாங்கியதைத் திருப்பியும் எடுக்க மாட்டார்கள். அதனால் வண்டியை ஓட்டாத பருவத்தில் ஆர்டர் போடுங்கள்.

டயரை உடனே வாங்காதீர்கள். வீல் வந்ததும், டயர் இல்லாமல் ஒன்றை முன்னாலும் பின்னாலும் மாட்டி, நட்டை லேசாக முடுக்கிக் கையால் சுற்றுங்கள். ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்புங்கள். டயர் ஒரு தடவை ஏறிவிட்டால், கீறல் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் பல கடைகளில் வீலைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். பொருந்துகிறது என்று உறுதியான அன்றைக்கு டயருக்குச் சொல்லுங்கள். அப்போதுதான் தேதியும் புதிதாக இருக்கும்.

டயர் கடையில் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் அடிக்கவிடாதீர்கள். கையால் ஏற்றி, குறுக்கு வரிசையில், கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்கச் சொல்லுங்கள். ஹப் முகத்திலுள்ள துருவை அதற்கு முன்பே கம்பித் தூரிகையால் தேய்த்துவிடுங்கள். துருச் செதிலின் மேல் உட்கார்ந்த வீல் நேராகச் சுற்றாது.

12. மாட்டிய பிறகு

முதல் 50 முதல் 100 கி.மீ.க்குள் நட்களை மறுபடி டார்க் ரெஞ்ச்சில் சரிபாருங்கள். வீல் ஆறியிருக்க வேண்டும். புது அலாய் அமர்ந்து கொடுக்கும், நட் கால் சுற்று வரைகூட ஏறும்.

அதே நேரம் மட்கார்டுக்குள் டார்ச் அடித்து, கறுப்பாக மினுங்கும் உரசல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெட்ரோல் முழுசாக நிரப்பி, பின்னால் சாமான் ஏற்றி இன்னொரு சுற்று போங்கள். தனியாக ஓட்டும்போது உரசாத டயர் அப்போது உரசும்.

காற்றழுத்தம்: கையேட்டில் உள்ளது பழைய டயருக்கானது. அதில் தொடங்கலாம், புது டயரின் சுமை அட்டவணையை வைத்து அதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில ஆயிரம் கி.மீ. போனதும் டயரின் தேய்மானத்தைத் தடவிப் பாருங்கள். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று கூடுதல். இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு. ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட்.

கழற்றிய நான்கு இரும்பு வீலையும் விற்றுவிடாதீர்கள். துடைத்து, எண்ணெய் பூசி, எங்காவது காய்ந்த இடத்தில் அடுக்கிவையுங்கள். வண்டியை என்றைக்காவது விற்கும்போது வாங்க வருபவர் முதலில் கேட்பது, ‘ஒரிஜினல் வீல் இருக்கா?’ என்றுதான்.